எடைக் கணக்கு இல்லாத கப்பல்

என் கல்யாணத் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை, கோடையில் ஏசி மெக்கானிக்குக்கு லீவு தர முடியாது என்று எனக்கு விசா தந்த முதலாளி, கஃபீல், சொன்னார். குவைத்தின் கோடை தெரிந்தவன் என்பதால் அதை நானும் ஒப்புக்கொண்டேன். இரண்டாவது முறை டிசம்பரில் கேட்டேன். குளிர்காலத்தில்தான் எல்லா ஏசியையும் கழற்றிச் சுத்தம் செய்ய முடியும், ஆகவே இப்போதும் இல்லை என்றார். அறைக்குத் திரும்பி இதைப் பற்றி வெகுநேரம் யோசித்தேன். அந்த ஊரில் இந்த இரண்டைத் தவிர வேறு பருவமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு நிச்சயமாகியிருந்த நாகவள்ளி பொன்னமராவதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகையும் அங்கேயேதான் அடிப்பார்கள். முதல் தேதி மாறியபோது, அதன் மேல் வெள்ளைத் துண்டு ஒட்டிப் புதுத் தேதியை எழுதினாள். இரண்டாவது தேதியும் மாறியபோது எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். மூன்றாவது பத்திரிகையில் தேதி வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதினாள். பேனாவால் எழுதக் கூடாதா என்று நான் கேட்கவில்லை. 2006, மார்ச் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தேதியும் போனால் பெண்ணுக்கு வேறு இடம் பார்ப்போம் என்று அவள் அப்பா போனில் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

பதிமூன்றாம் தேதி விடியற்காலை கஃபீல் என்னை ஃபஹாஹீல் படகுத்துறைக்கு வரச் சொன்னார். அவர் வாங்கியிருந்த உல்லாசப் படகு அங்கே நின்றது. வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. உள்ளே சோஃபா, மெத்தை, தரைவிரிப்பு எல்லாமே வெள்ளை. ஒரே ஒரு முறை அதில் சென்று வந்த அவர் மனைவி, இனி அந்தப் படகில் தான் ஏறுவது மையத்தாக, பிணமாகத்தான் என்று சொல்லிவிட்டாராம். அதனால் படகைத் துபாய்க்காரர் ஒருவருக்கு விற்கப்போகிறார்.

"உதய், படகு நல்ல படகு. ஏசிதான் அடிக்கடி நின்றுவிடும்," என்றார். என் பெயர் உடையப்பன். ஏழு வருடமாக அவருக்கு நான் உதய். "நீ கூடவே போ. வியாழக்கிழமை அவர் வந்து பார்ப்பார். அவர் வாங்கினால், கலாஸ், வேலை முடிந்தது, நீ அங்கேயிருந்தே ஊருக்குப் போ. டிக்கெட் என் செலவு. வாங்கவில்லையென்றால் படகோடு திரும்பி வா."

வாங்கினால் கல்யாணம், இல்லையென்றால் குவைத். என் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. புதுக்கோட்டைப் பக்கம் கண்மாயைத் தவிர வேறு நீர்நிலை பார்த்திராத நான் சரி என்று தலையாட்டினேன். மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. ஒரே அறையில் பதினோரு பேரோடு ஏழு வருடம் இருந்தவனுக்குக் கடல் என்றால் முதலில் சத்தமில்லாத இடம். தலையணை கனத்தில் ஒரு நாவல் வாங்கிப் பாதியில் விட்டிருந்தேன். அதைப் படித்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

செய்தி கேம்ப்புக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அறை வாசலில் ஐயப்பன் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ஒரு சின்ன பார்சல்," என்றான்.

ஊருக்குப் போகிறவனிடம் சின்ன பார்சல் கொடுப்பது எங்கள் கேம்ப்பின் சட்டம். போகிறவன் மறுக்கக்கூடாது என்பதும் சட்டம். விமானத்தின் முப்பது கிலோதான் இதுவரை எங்களையெல்லாம் காப்பாற்றி வந்தது.

"எம்புட்டுடா கனம்?"

"கனத்தப் பத்தி உனக்கென்ன? பிளேன்ல போனாத்தான் முப்பது கிலோ. நீ கப்பல்ல போற. கப்பலுக்கு ஏதுடா எடைக் கணக்கு?"

"துபாய்லேர்ந்து திருச்சிக்குப் பிளேன்லதான்டா போவேன்."

"அத துபாய்ல பாத்துக்கலாம்."

சாயங்காலத்துக்குள் மூன்று பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லோரிடமும் அதையே சொன்னேன். எல்லோரும் அதையே சொன்னார்கள், துபாயில் பார்த்துக்கொள்ளலாம் என்று. துபாயில் ஏதோ ஒரு அலுவலகம் இதற்கென்றே திறந்திருப்பதுபோல. புலிப் படம் போட்ட கம்பளிகள், பால்பவுடர் டின்கள், கோடாரித் தைலம், டார்ச் லைட், இஸ்திரிப்பெட்டி, பெரிய டேப் ரிக்கார்டர் இரண்டு, ஒரு குழந்தை சைக்கிள். எல்லாம் அட்டைப்பெட்டியில், நைலான் கயிற்றில் பின்னிப் பின்னிக் கட்டி, மேலே கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருந்தன. ஐயப்பனின் பெட்டிதான் எல்லாவற்றிலும் பெரியது. இரண்டு பேர் தூக்கினார்கள்.

"என்னடா இதுல?"

"ராக்கம்மாளுக்கு," என்றான். அவன் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் பேசுவான். "முட்டி வலிடா. கீழ குந்த முடியல. உக்காந்து போற கக்கூஸ், பீங்கான்ல. சைட்ல ஒரு பழைய வில்லாவ இடிச்சாங்க, சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்கினேன். ஒரு கீறல் கெடையாது, தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

படகின் கேப்டன் செய்கு அலாவுதீன், கீழக்கரைக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வேனிலிருந்து இறங்கிய பெட்டிகளை அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"மாப்ளே, இது என்னா, கல்யாணச் சீரா? மாப்ள வீட்டுலேர்ந்து சீர் போறத இப்பத்தான் பாக்குறேன்."

"கேம்ப்புல குடுத்தாங்க, காக்கா."

"இந்தப் பெருசு?"

சொன்னேன்.

"படகுல ஏற்கெனவே ரெண்டு இருக்கே," என்றார். பிறகு, "சரி, முன்னாடி ரூம்புல அடுக்கு. மெத்தையில அழுக்குப் படக்கூடாது. மொதலாளிக் கெழவன் கண்ணுல பட்டுச்சு, ஒன்னயும் என்னயும் சேத்துக் கட்டித் தொங்க விட்டுருவான்."

மூக்குப் பகுதியில் இருந்த படுக்கையறையில் கூரை முட்ட அடுக்கினோம். கீழே புலிக் கம்பளிகளை விரித்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டபோது கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது. கரையும் இல்லை, வானமும் இல்லை. வெள்ளைப் படகு வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் நாவலை எடுத்துக்கொண்டு முன்தளத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த அமைதிக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேனோ என்று தோன்றியது. ஒரு மனிதன் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் அப்படியான இடத்தில்தான் மேலே வரும். நாகவள்ளியை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லை இரண்டு தேதி தள்ளிப்போனதில் ஏற்பட்ட வீம்பா? முதல் கேள்வி மேலே வந்தது. பதில் வருவதற்குள் அலாவுதீன் காக்கா ஒலிபெருக்கியை வாயருகே வைத்துக்கொண்டார்.

"மாப்ளே! அங்க என்னா பண்றே? இங்கிட்டு வா, ஒரு கத சொல்றேன்!"

பனிமூட்டத்தில் ஒலிபெருக்கி எதற்காகக் கொடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார். தம்மாம் வரும்வரை பேசினார். அவர் வாப்பா கொழும்பில் கடை வைத்தது, மூத்த மகள் மெஹர்பானு டாக்டர் மாப்பிள்ளை வேண்டும் என்று அடம்பிடிப்பது, சிறுநீரகக் கல்லுக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம். நான் நாவலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். நடுவில் இரண்டு முறை ஏசி நின்றது. கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் அந்த ஏசி குளிரும். உறிஞ்சும் வாயில் இருக்கும் வடிகட்டியில் சொறிமீன் வந்து அடைத்துக்கொள்ளும். கொழகொழவென்று அதை வழித்துப் போட்டால் மறுபடி ஓடும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சொறிமீன் பேசாது.

தம்மாமில் டீசல் போட ஒதுங்கினோம். கரையில் இறங்க அனுமதி இல்லை. காற்று வரப்போகிறது, போகாதே என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை பகல் முழுக்க அங்கேயே கட்டிக் கிடந்தோம். வானம் பழுப்பாகியது. மணல் பறந்து வந்து வெள்ளைப் படகின் மேல் மைதா மாவுபோலப் படிந்தது. நான் ஒருமுறை கழுவினேன். மறுபடி படிந்தது. நாளை வியாழன். துபாய்க்காரர் வந்து படகில்லாத துறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது கண்முன் தெரிந்தது. பொன்னமராவதியில் பென்சிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் இருப்பதும் தெரிந்தது.

படகுகளுக்குச் சாமான் சப்ளை செய்யும் கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீன் டீசல் வண்டியோடு வந்தார். காக்காவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கையில் சாக்கு சுற்றிய ஒரு மூட்டை இருந்தது.

"காக்கா, துபாய்ல என் மச்சினனுக்கு ஒரு சின்ன பார்சல்."

"என்னாப்பா அது?"

"கருவாடு. உம்மா ஊருலேர்ந்து குடுத்து விட்டாங்க. எனக்குப் பிரஷர், உப்பு கூடாதுன்னுட்டாங்க. மச்சினனாவது திங்கட்டும்."

"பிளேன்ல அனுப்பலாமே," என்றேன் நான், நப்பாசையோடு.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிளேன்ல எடை போடுவாங்களே தம்பி. கப்பலுக்கு ஏது எடை?"

கேம்ப்பில் படித்தவர்கள் குறைவு, அதனால்தான் இப்படி நினைக்கிறார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். ஜெய்னுலாப்தீன் பி.காம்.

புதன்கிழமை மாலை காற்று சற்றுத் தணிந்தது. போகலாம் என்று துறைமுகம் சொன்னதும் காக்கா என்னைப் பார்த்தார். என் முகம் சொல்லியிருக்கும்.

"மாப்ள முகத்துக்காகத்தான் போறேன்," என்று கயிற்றை அவிழ்த்தார்.

கத்தாரைச் சுற்றித் தெற்கே திரும்பியபோது வியாழன் விடிந்துகொண்டிருந்தது. தணிந்ததாக நினைத்த காற்று அங்கே எங்களுக்காகக் காத்திருந்தது. பின்னாலிருந்து அடித்தது. ஒவ்வொரு அலையும் படகின் பின்புறத்தைத் தூக்க, முன்புறம் தண்ணீருக்குள் மூக்கைக் குத்தியது. குத்தியதும் படகு பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது. அது எப்படி இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் பாதி நேரம் என் தலை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஒருவன் தன் ஆன்மாவைப் பார்த்துவிட வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். வாளிக்குள் அது இல்லை.

"மாப்ளே!" என்று கத்தினார் காக்கா. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவரை இல்லாத குரல். "முன்னாடி கனம் ஜாஸ்தி. மூக்கு எந்திரிக்க மாட்டேங்குது. இப்படியே போனா பொரட்டிரும். அந்தப் பொட்டியெல்லாம் கடல்ல வீசு!"

"காக்கா…"

"வீசுடா! அல்லாவே, இவன் நிக்கிறான் பாரு. பொட்டி வேணுமா, பொண்ணு வேணுமா?"

நான் தவழ்ந்து முன்னறைக்குப் போனேன். மேலே இருந்த ஒரு பெட்டியைத் தூக்கினேன். படகு சாய்ந்தது. பெட்டி என் மடியில் உட்கார்ந்தது. அதன் மேல் எழுதியிருந்தது கண்ணுக்கு நேரே வந்தது: கனகா, த/பெ சின்னையா, ஆறாம் வகுப்பு. வகுப்பை ஏன் எழுதினான் என்று தெரியவில்லை. பெயர் மட்டும் போதாது என்று நினைத்திருப்பான். அதைப் பின்கதவுவரை தூக்கிக்கொண்டு போனேன். வெளியே கடல் பழுப்பும் வெள்ளையுமாகக் கொதித்தது. கதவைத் திறந்து கையை நீட்டினால் போதும்.

முடியவில்லை. நல்ல குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேம்ப்புக்கு நான் திரும்பிப் போயாக வேண்டும். சின்னையாவுக்குக் கீழ்க்கட்டில் எனக்கு.

பின்புறத்தில், என்ஜினுக்கு மேலே இன்னொரு படுக்கையறை இருந்தது. படகிலேயே பெரியது, முதலாளிக்கானது. கனகாவின் பெட்டியை அதற்குள் வைத்தேன். திரும்பிப் போய் அடுத்ததை எடுத்தேன். அதிலும் ஒரு பெயர். அதையும் அங்கேயே வைத்தேன். வாந்தி எடுத்தேன். அடுத்தது. ராக்கம்மாளின் பெட்டியைத் தூக்க முடியவில்லை. புலிக் கம்பளியில் ஏற்றி, கம்பளியை இழுத்தேன். மூன்றாவது அலையில் அட்டை கிழிந்தது. பீங்கான் மட்டும் தன் பாட்டில் வழுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய் அறைக்குள் நுழைந்தது. அதைத் தூக்கி மெத்தையின் நடுவில் வைத்து, உருளாமல் இருக்கச் சுற்றிலும் கம்பளியைத் திணித்தேன்.

கடைசிப் பெட்டியோடு நான் விழுந்து கிடந்தபோது படகு மாறியிருந்தது. மூக்கு நிமிர்ந்திருந்தது. பின்புறம் கனமாக உட்கார்ந்து, அலை தூக்கினால் ஏறி, இறக்கினால் இறங்கி, யானைபோல நடந்தது.

"பாத்தியா!" என்று காக்கா கத்தினார். "வீசுனதும் நேராயிருச்சு பாத்தியா! முப்பது வருச அனுபவம்டா!"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாளி பக்கத்தில் இருந்தது, வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அவர் அழத் தொடங்கிவிட்டார்.

"எத்தன பேரு வேர்வ மாப்ளே," என்று கண்ணைத் துடைத்தார். "ஜெய்னு உம்மா குடுத்த கருவாடு. அந்தக் கெழவிக்கு நான் என்னா சொல்லுவேன்? கடலம்மா வாங்கிக்கிட்டான்னு சொல்றேன். மீனு மறுபடி கடலுக்கே போயிருச்சுன்னு."

அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இவ்வளவு நல்ல துக்கத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

துபாயை மதியம் தொட்டோம். காற்று முழுக்க நின்று, வெயிலும் புழுக்கமும் ஏறியிருந்தன. படகைக் கழுவித் துடைத்தோம். பின்னறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புயலில் தண்ணீர் புகுந்து கருவாட்டு மூட்டை நனைந்திருந்தது. அந்த அறைக்குப் போகும் ஏசிக் குழாயில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்தேன். இல்லையென்றால் அந்த வாசனை படகு முழுக்கச் சமமாகப் பரவும். அப்படிப் பரப்புவதற்குத்தானே ஏசி.

"கடல் என்னா இப்படி நாறுது?" என்றார் காக்கா.

"துறைமுகம்ல காக்கா," என்றேன்.

நாலு மணிக்கு வாங்குகிறவர் வந்தார். அந்த ஊரில் முதலாளியை அர்பாப் என்பார்கள். நல்ல உயரம், கஞ்சி போட்ட வெள்ளை உடை. கூடவே அவர் தாயார், மனைவி, குழந்தைகள், பிலிப்பைன்ஸ்காரப் பணிப்பெண். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஒரு சுற்றுப் போய் வர வேண்டும் என்றார். காக்கா படகை வெளியே எடுத்தார். பின்னால் கனம் இருந்ததால் அது அசையாமல், கம்பீரமாகப் போனது.

"நல்லா உட்காருது," என்று அர்பாப் இந்தியில் சொன்னார். "மற்ற படகெல்லாம் காகிதம் மாதிரி ஆடும்."

"காலிப் படகுலயே இப்படின்னா பாருங்க அர்பாப்," என்றார் காக்கா.

நான் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கரை கண்ணிலிருந்து மறையும் இடத்தில் ஏசி நின்றது. உள்ளே இருந்தவர்களின் முகங்கள் ஒரே நிமிடத்தில் வியர்த்தன. குழந்தைகள் அழுதன. தாயார் விசிறி கேட்டார். அர்பாப்பின் முகத்தில் திரும்பிப் போகும் முடிவு எழுதப்படுவதை நான் பார்த்தேன். அதன் கீழே குவைத் எழுதியிருந்தது. தரைப்பலகையைத் தூக்கி உள்ளே குதித்தேன். வடிகட்டியைத் திருகி, சொறிமீனை வழித்து வீசி, மூடி, சுவிட்சைப் போட்டேன். அழுத குழந்தை வாயை மூடுவதற்குள் குளிர்ந்த காற்று வந்துவிட்டது. என் தொழிலில் நான் அவ்வளவு வேகமாக வேலை செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அர்பாப் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதுகில் தட்டினார். பிறகு போனை எடுத்துக் கஃபீலோடு அரபியில் பேசினார். சிரித்தார். ஏழு வருட அரபியில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: படகை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்த உதய்யை ஒரு மாதம் என்னிடம் விட்டு வை. என் ஆள் ஒருவன் வேலை பழகும்வரை இவன் படகிலேயே இருக்கட்டும்.

மறுமுனையில் கஃபீல் யோசிக்கக்கூட இல்லை. "மாஃபி முஷ்கில்," என்றார். ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

காக்கா என் பக்கம் திரும்பினார். "மாப்ளே," என்றார் மெதுவாக. "ஒரு மாசம்தானே. பொண்ணு வீட்டுல நான் வேணா பேசவா?"

"வேணாம் காக்கா."

நான் படியில் உட்கார்ந்தேன். ஏசி இதமாக ஓடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன ஏசியாலும் கழற்றிப்போட்ட ஏசியாலும் கல்யாணம் இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை நன்றாக ஓடும் ஏசியால் நிற்கப்போகிறது. கெஞ்சலாம். கெஞ்சினால் அர்பாப் கஃபீலைக் கேட்பார், கஃபீல் மாஃபி முஷ்கில் என்பார். ஓடிப்போகலாம், சுற்றிலும் கடல். படகில் ஒரு மாதம் என்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நான், ஏசி, சொறிமீன். பின்னறையில் கேம்ப்பின் பெட்டிகள். அவற்றை எங்கே கொண்டு வைப்பது?

அந்தக் கேள்விதான் என்னை எழுப்பி நிற்க வைத்தது. உபாயம் எதுவும் மனதில் இல்லை. ஒரு மாதம் இருக்க வேண்டும் என்றால் சாமான் எங்கே வைப்பது என்று கேட்பது நியாயம்தானே என்று மட்டும் தோன்றியது. அதைக் கேட்டால் படகு விற்பனையே முறிந்து, கையில் விலங்கு போட்டதுபோலக் குவைத்துக்குத் திரும்ப நேரலாம். அதுவும் தோன்றியது. ஆனாலும் போய் அர்பாப்பின் முன் நின்றேன்.

"அர்பாப், ஏக் மினிட்," என்றேன். பின்னறைக்கு அழைத்துப்போய்ப் பூட்டைத் திறந்தேன்.

முதலில் வந்தது வாசனை. அதற்குப் பிறகுதான் கண் பழகியது. சுவர் தெரியாமல் பெட்டிகள். கிழிந்த அட்டையிலிருந்து பால்பவுடர் கொட்டி மணல்மேடுபோலக் கிடந்தது. முதலாளியின் வெள்ளை மெத்தையில், நாலு பக்கமும் புலிகள் சூழ, நடுவில் அந்தப் பீங்கான் கக்கூஸ் ராஜா மாதிரி வீற்றிருந்தது.

பின்னால் வந்த காக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏ மாப்ளே… நீ வீசலயா?"

"இல்ல காக்கா."

"நான் அழுதேனேடா!"

அர்பாப் மூக்கைத் தலைத்துணியால் மூடினார். "இது என்ன?"

"என் சாமான், அர்பாப்."

"இது எல்லாமா?"

"எல்லாம். நான் எங்கேயோ, இதுவும் அங்கே."

"ஒரு மாதம்?"

"நான் ஒரு மாதம் என்றால், இதுவும் ஒரு மாதம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. இந்த மாதிரிச் சமயத்தில் மனிதர்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். மௌனம் நான் பல வருடம் குடியிருந்த வீடு. அவருக்கு அது புது இடம், எங்கே கைவைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். தாயார் எட்டிப் பார்த்தார். மெத்தையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அரபியில் ஏதோ சொன்னார். சொல்லி முடிக்குமுன் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணிப்பெண்ணுக்கும் வந்தது. குழந்தைகள் உள்ளே ஓடிப்போய் அதில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். எல்லோரும் சிரித்ததால் அர்பாப்புக்குக் கோபம் வந்தது.

"பர்ரா!" என்று கத்தினார். வெளியே போ என்று அர்த்தம். "இது வெளியே. இவனும் வெளியே. இந்த நாற்றமும் வெளியே. யல்லா, யல்லா!"

போனில் மறுபடி கஃபீலைப் பிடித்தார். படகு வேண்டும், மெத்தையை மாற்றிக்கொள்வேன், உன் மெக்கானிக் மட்டும் ஆயுசுக்கும் வேண்டாம் என்றார். கஃபீல் என்னைக் கூப்பிட்டு ஏழு வருடத்தில் திட்டாததையெல்லாம் சேர்த்துத் திட்டினார். கடைசியில், "ஊருக்குப் போ, கல்யாணம் பண்ணு, புத்தி வந்தால் திரும்பி வா," என்றார். அதில் மூன்றில் இரண்டுக்கு அப்போதே ஒப்புக்கொண்டேன்.

துறையில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. காக்கா கருவாட்டு மூட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, ஆனால் பத்திரமாகத் தனியே வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் என்னா செய்யப்போறே?"

"துபாய்ல பாத்துக்கலாம்னு சொன்னாங்க காக்கா."

"சொன்னவன் வாயில…" என்று தொடங்கியவர் நிறுத்தினார். "சரி போ. ஜெய்னு மச்சினன் கார்கோதான் வெச்சிருக்கான். கப்பல்ல தூத்துக்குடிக்கு அனுப்பச் சொல்றேன். நீ பொறப்படு மாப்ளே. இனி எவன் ஏசி நின்னாலும் திரும்பிப் பாக்காதே."

மறுநாள் மதியம் திருச்சி விமானம். விமான நிலையத்திலிருந்து நாகவள்ளிக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு வந்துருவேன்," என்றேன்.

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க," என்றாள். "ஏறுனப்பறம் சொல்லுங்க."

ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, மறுபடி கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"ஏறிட்டேன்."

"பெல்ட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"கதவ சாத்திட்டாங்களா?"

எட்டிப் பார்த்தேன். இன்னும் சாத்தவில்லை. யாரோ ஒருவர் பெரிய பையோடு வாசலில் நின்று பணிப்பெண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தார். போனை அணைக்கச் சொல்லி இன்னொரு பெண் என்னிடம் வந்தாள்.

"இல்ல, இன்னும் சாத்தல."

"அப்ப லைன்லயே இருங்க," என்றாள் நாகவள்ளி. அவள் மூச்சு வேகமாக வருவது கேட்டது. ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தமும் பின்னால் கேட்டது. "வள்ளி, கல்லாவுல ஆள் நிக்கிது," என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "செத்த இருங்கக்கா," என்றாள் அவள்.

என்னிடம் வந்த பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றாள். பெரிய பைக்காரர் ஒருவழியாக உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார்கள்.

"சாத்திட்டாங்க," என்றேன்.

"சரி வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.